வேலி போடாமல் ஒரு காட்டோர நிலத்தைக் காத்த அனுபவம்

இயற்கைப் பாதுகாப்புக்கான ஒரு அறக்கட்டளையில் நிலக் காப்பாளராக வேலை பார்க்கிறேன். என் பொறுப்பில் இருக்கும் நிலம் தேன்கனிக்கோட்டையிலிருந்து அஞ்செட்டி போகும் வழியில், காப்புக்காட்டை ஒட்டி இருக்கிறது. முன்பு ராகியும் கொள்ளும் விளைந்த மானாவாரி பூமி. பிள்ளைகள் ஓசூரில் வேலைக்குப் போனபின் விவசாயத்தை விட்ட ஒரு குடும்பம், காடாகவே இருக்கட்டும் என்று அறக்கட்டளைக்கு எழுதிக் கொடுத்தது. தரிசாகக் கிடந்த காலத்தில் பாதிக்கு மேல் உண்ணிச்செடி (லான்டானா) என்ற முள்புதர் ஏறிவிட்டது.

இந்த வேலையைப் பற்றிக் கேட்கிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது, "எத்தனை மரம் நட்டீங்க?" முதல் ஆண்டில் நாங்கள் ஒரு கன்றுகூட நடவில்லை. அது சரியான முடிவு என்று இப்போதும் உறுதியாக நம்புகிறேன். நடுவதற்கு முன்னால் முடிக்க வேண்டிய வேலைகள் அவ்வளவு இருந்தன.

முதலில் காகிதம். பட்டா, சிட்டா, வில்லங்கச் சான்று, புலப்படம் எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொண்டு நிலத்தைச் சுற்றி நடந்தேன். புலப்படத்தில் இருந்த கற்களில் சில தரையில் இல்லை. ஒரு பக்கத்துக் கொல்லைக்காரர், தன் அப்பா காலத்திலிருந்து உழுத இடம் யு.டி.ஆர். என்ற அரசு நிலப் பதிவில் தப்பாக ஏறிவிட்டது என்றார். 1980களை ஒட்டி நடந்த அந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தின் பதிவுகளை வைத்து இன்றும் நம் ஊர்களில் வழக்கு நடக்கிறது. அதனால் அவர் சொன்னதைத் தள்ளிவிட முடியாது. அளவைக்கு விண்ணப்பித்தோம். இப்போது இதை இணையத்திலேயே செய்யலாம். ஆனால் சர்வேயர் வரும் நாளில் பக்கத்து நிலக்காரர்கள் எல்லோரும் நேரில் நிற்க வேண்டும். அதற்கு வீடு வீடாகப் போய்ச் சொல்வதுதான் வழி. இந்தப் பக்கம் பாதி வீடுகளில் கன்னடமோ தெலுங்கோ பேசுவார்கள். அரைகுறைக் கன்னடம்கூடப் பெரிய உதவியாக இருந்தது. அளந்தபோது அவர் சொன்ன துண்டில் ஒரு பகுதி அவருடையதுதான் என்று தெரிந்தது. கல்லை அங்கேயே நட்டோம். அதற்கப்புறம் அந்தப் பக்கத்து எல்லையில் எனக்கு ஒரு சிக்கலும் வரவில்லை.

அளவையில் தெரிந்த இன்னொரு விஷயம்: நிலத்தின் நடுவே போகும் ஓடை எங்கள் பட்டாவில் இல்லை, ஓடைப் புறம்போக்கு. அதை அடைக்க யாருக்கும் உரிமை கிடையாது. யானைகள் இறங்குவதும் அந்த ஓடை வழியாகத்தான்.

அறக்கட்டளைக் கூட்டத்தில் வேலி போடுவது பற்றிப் பேச்சு வந்தது. கம்பி வேலி போட்டு ஆடுமாடுகளைத் தடுத்தால் காடு தானாக எழும்பும் என்பது சிலருடைய எண்ணம். நான் எதிர்த்தேன். ஓடையை விட்டுவிட்டுப் போடுகிற வேலிக்குப் பயன் இல்லை, ஓடையை மறித்துப் போடுவது சட்டப்படி கூடாது. யானை வரும் பாதையில் கம்பி நிற்கவும் நிற்காது. அதைவிட முக்கியமான காரணம், தலைமுறையாக அங்கே ஆடு மேய்த்தவர்கள். அவர்களில் மூத்தவர் ஒருவர் என்னிடம் நேராகவே கேட்டார்: "வேலி போட்டா எங்க ஆடு எங்க போவும் தம்பி? காட்டுக்குள்ள போனா ஃபாரஸ்ட்காரங்க உட மாட்டாங்க."

அவர் கேட்டது நியாயம். 2014இல் காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயமும் 2022இல் காவிரி தெற்கு சரணாலயமும் அறிவிக்கப்பட்டன. காட்டுக்கு அது நல்லது, ஆனால் காட்டுக்குள் மேய்ச்சலுக்குக் கெடுபிடி அதிகம். தரிசு நிலங்கள்தான் இவர்களுக்கு மிச்சம்.

சாயங்காலங்களில் ஊர்த் திண்ணையில் உட்கார்ந்து பேசிப் பேசித்தான் ஒரு ஏற்பாட்டுக்கு வந்தோம். பேச்சைத் திருப்பியது உண்ணிச்செடிதான். ஆடுமாடு அதை விரும்பித் தின்னாது. பஞ்சத்தில் தின்றால் கல்லீரல் கெட்டு, வெயில் பட்ட இடமெல்லாம் தோல் வெந்து உரியும். மேய்ப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். புதர் அடியில் புல்லும் வளராது. ஆக, உண்ணியை எடுத்தால் அவர்களுக்கும் லாபம். முடிவு இப்படி அமைந்தது: செடி எடுத்த துண்டில் இரண்டு மழைக்காலம் மந்தை இறங்காது, அங்கே புல் வந்தால் அறுத்துக்கொண்டு போகலாம், மற்ற துண்டுகளில் மேய்ச்சல் வழக்கம்போல. செடி எடுக்கும் கூலி வேலை முதலில் அந்த வீடுகளுக்கு. எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும் என்று அலுவலகத்தில் சொன்னார்கள். வாங்கினோம். ஆனால் ஊரில் அதைக் காப்பாற்றுவது பத்துப் பேர் முன்னால் கொடுத்த வாக்குதான்.

அப்புறம் உண்ணிச்செடி. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயர் அழகுச் செடியாகக் கொண்டுவந்தது, இன்று இந்தியக் காடுகளில் பெரும்பரப்பைப் பிடித்திருக்கிறது. அரிவாளால் வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து முன்னைவிட அதிகமாகத் துளிர்க்கும். ஜே.சி.பி. விட்டால் மண் புரண்டு, புதைந்து கிடக்கும் விதையெல்லாம் முளைக்கும். கூடவே நமக்கு வேண்டிய செடிகளின் வேரும் போய்விடும். டெல்லிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சி.ஆர். பாபுவும் அவர் குழுவினரும் பரப்பிய முறையைத்தான் நாங்கள் பின்பற்றினோம். தண்டு வேராக மாறும் இடத்துக்குக் கீழே, மண்ணுக்குள் 3 முதல் 5 செ.மீ. ஆழத்தில் ஆணிவேரை அறுக்க வேண்டும். துளிர்விடும் மொட்டுகள் அதற்கு மேலேதான் இருக்கின்றன. எடுத்த புதரை அப்படியே தலைகீழாகக் கவிழ்த்து வைத்துவிட்டால் கிளை மண்ணில் பட்டு மறுபடி வேர் பிடிக்காது, காய்ந்து மட்கும்.

சொல்வதற்கு எளிது, செய்ய நுணுக்கம் வேண்டும். ஒருவர் கவைக்கோலால் முள் கிளைகளைத் தூக்கிப் பிடிக்க, இன்னொருவர் குனிந்து வேர் எங்கே தொடங்குகிறது என்று விரலால் தடவிப் பார்த்துவிட்டுத் தட்ட வேண்டும். எங்கள் குழுவில் இருந்த அக்காக்களுக்கு இது சீக்கிரம் கைவந்தது. காலமெல்லாம் களைக்கொத்து பிடித்த கை. மண் ஈரமாக இருக்கும்போது, காய் பழுப்பதற்கு முன் எடுக்க வேண்டும். நூறு நாள் வேலை நடக்கும் வாரங்களில் ஆள் கிடைக்காது, அதையும் கணக்கில் வைத்துத் திட்டமிட வேண்டும்.

ஒரே மூச்சில் எல்லாவற்றையும் எடுக்கக் கூடாது. சரிவில் செம்மண் வெறுமையாக நின்றால் ஒரு கோடை மழைக்கே அடித்துக்கொண்டு போகும். முயல், கௌதாரிக்கு இப்போதைக்கு அந்தப் புதர்தான் மறைவு. மேட்டிலிருந்து தொடங்கி, ஓடை இறங்கும் திசையில் துண்டு துண்டாக வந்தோம், ஏனென்றால் விதையும் தண்ணீரோடு அந்தத் திசையில்தான் போகும். எடுத்த இடத்தில் வரப்புகளில் சேகரித்த கொழுக்கட்டைப்புல் விதையைத் தூவினோம்.

உண்மையான வேலை இதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது. அடுத்த மழைக்கு அதே இடத்தில் உண்ணி நாற்று பாய் விரித்தமாதிரி முளைக்கும். பழம் தின்ற கொண்டைக்குருவியும் மைனாவும் வந்து உட்காரும் மரங்களுக்கு அடியில்தான் மிக அதிகம். அந்த மரங்களைக் குறித்து வைத்துக்கொண்டு, மழை விட்டதும் போய் நாற்றுகளைக் கையால் பிடுங்குகிறோம். செடி எடுத்த படத்தோடு அறிக்கை முடிந்துவிடும் திட்டங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். திரும்பிப் போகாவிட்டால் அந்தப் பணமும் உழைப்பும் வீண். பத்துக்குப் பத்து மீட்டர் கட்டங்கள் சிலவற்றைக் கயிறு கட்டிக் குறித்து, ஒவ்வொரு பருவத்திலும் அதே கல்லில் நின்று அதே திசையில் போட்டோ எடுத்து, நாற்றுகளை எண்ணி எழுதுகிறேன். மறுநடை போவதற்குப் பணம் கேட்டு வாதாட அந்த ஏடுதான் உதவியது.

தை பிறந்ததும் தீ பரவாமல் தடுக்கும் தீக்கோடு. இங்குள்ள இலையுதிர் காடு மாசி, பங்குனியில் சருகு மெத்தையாகிவிடும். புதுப்புல் வரட்டும் என்று யாராவது கொளுத்தினால் காப்புக்காடு வரை போகும். பாதையோரமும் ஊர்ப் பக்கமும் அகலமாகச் செதுக்கிச் சருகை ஒதுக்குகிறோம். ஆடு மேய்ப்பவர்களோடு ஏற்பாடு வந்தபின் கொளுத்துவதும் குறைந்தது. புல் அறுக்கும் உரிமை கையில் இருக்கும்போது யாரும் அதை எரிக்க மாட்டார்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் ராகி முற்றும் நேரம், கர்நாடகத்தின் பன்னார்கட்டா காட்டிலிருந்து ஜவளகிரி வழியாக யானைக் கூட்டங்கள் இறங்கும். அந்த மாதங்களில் விடிந்து நன்றாக வெளிச்சம் வந்தபின்தான் நிலத்தில் கால் வைப்போம், வனக்காவலரிடம் கேட்டுவிட்டு. பரணில் காவல் இருக்கும் விவசாயியின் பயமும் கோபமும் உண்மையானவை. ஆனால் நேரடி மின்சாரத்தைக் கம்பியில் விடுவது கொலை. 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஹள்ளி அருகே அப்படி ஒரு கம்பியில் மூன்று பெண் யானைகள் இறந்தன, இரண்டு குட்டிகள் தாயில்லாமல் நின்றன. அதே ஆண்டு மின்வேலிகளைப் பதிவு செய்ய வேண்டும் என்று தமிழ்நாடு அரசு விதிகள் கொண்டுவந்தது. பக்கத்துக் கொல்லைகளில் இதைச் சொல்லி, சேதத்துக்கு வனத்துறையிடம் இழப்பீடு கேட்டு விண்ணப்பம் எழுதித் தருவதையும் என் வேலையாகவே வைத்துக்கொண்டேன். பயிர் போன இடத்தை உடனே போட்டோ எடுத்து, கிராம நிர்வாக அலுவலரிடம் அடங்கல் வாங்கி, தள்ளிப் போடாமல் கொடுக்க வேண்டும்.

இரண்டாவது மழைக்காலத்தில் நிலமே பதில் சொல்லத் தொடங்கியது. சூரைமுள், காரைப் புதர்களுக்குள் ஆட்டு வாய்க்கு எட்டாத இடத்தில் வேங்கையும் நெல்லியும் முளைத்திருந்தன. பழைய அடிக்கட்டைகளிலிருந்து ஊஞ்ச மரம் துளிர்த்தது. அவற்றைச் சுற்றிக் களை எடுத்து, பாத்தி கட்டிவிட்டாலே போதும். கன்று நட்டது ஓடைக்கரையில், தானாக வராத இடங்களில் மட்டும்: நாவல், புங்கன், மத்தி. ஆச்சா மரத்தின் விதைக்குக் காத்திருக்கிறோம். அது ஆண்டுதோறும் நன்றாகக் காய்ப்பதில்லை, சில ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் விதை தாராளமாகக் கிடைக்கும்.

இந்த வேலைக்கு நேர்காணலுக்குப் போகிறவர்கள் மூன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நிலம் அளந்து கல் நட்டாயிற்றா? அங்கே இதுவரை மேய்த்தவர்கள், விறகு எடுத்தவர்கள் யார், அவர்களோடு யாராவது பேசினார்களா? களை எடுத்தபின் குறைந்தது மூன்று ஆண்டு திரும்பிப் போகக் கூலிக்குப் பணம் ஒதுக்கியிருக்கிறார்களா? மூன்றாவதற்கு இல்லை என்று பதில் வந்தால், சேருவதற்கு முன்பே அதற்காகப் பேசுங்கள். சேர்ந்தபின் பேசினால் அடுத்த நிதியாண்டுக்குத் தள்ளிவிடுவார்கள், அதற்குள் ஒரு மழைக்காலம் போய்விடும்.