செடில் குத்திய முதுகு

“குத்தின இடமெல்லாம் திரும்ப வரும் ஐயா” என்று நான் சொன்னதில் வைத்திய ரீதியாக ஒரு பிழையும் இல்லை. இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். அதற்குப் பிறகு சொன்ன ஒரு வசனம்தான் இன்னும் என்னை விடவில்லை.

அவர் வந்தது முதுகைக் காட்ட அல்ல, கால் கடிக்குது என்று. இரண்டு முழங்காலுக்குக் கீழும் தடித்துப்போன படை. எங்கள் ஆட்களின் தோலில் நிறத்தை நம்பி ஒன்றும் சொல்லமுடியாது. பாடப்புத்தகப் படத்தில், செதில் உதிரும் தோல்நோயான சொரியாசிஸ் சிவப்பாக இருக்கும். காலம் முழுக்க வயலில் நின்றவரின் காலில் அது சாம்பலும் ஊதாவுமாகத்தான் தெரியும். லைக்கன் பிளேனஸ் என்ற இன்னொரு தோல்நோயும் ஊதாதான். முன்னங்காலில் வந்தால் அதுவும் இப்படித் தடிக்கும், கடியும் பொல்லாதது. போதாததற்கு ஸ்டீரொயிட்டும் பங்கஸ் மருந்தும் கலந்த ட்யூப் ஒன்றை பாமசியில் வாங்கி மாதக்கணக்காகப் பூசியிருந்தார். செதிலும் ஓரமும் மங்கி, எது எதென்று பிடிபடவில்லை.

அந்த நாட்களில்தான் ஒரு பிள்ளைக்கு லைக்கன் பிளேனஸ் பார்த்திருந்தேன். மணிக்கட்டில் தட்டையாக, பளபளவென்று, மூலை வைத்த சின்னச் சின்னப் பருக்கள். கொஞ்சம் எண்ணெய் தடவி டோர்ச் அடித்தால் மேலே மெல்லிய வெள்ளைக் கோடுகள். கன்னத்தின் உட்பக்கத்திலும் அதே வெள்ளைப் பின்னல். பனங்கருக்கு கீறின கோடு நெடுக பருக்கள் வரிசையாக நின்றன. அவளுக்கு, “ஒண்டு ரெண்டு வருஷத்தில அநேகமா அடங்கிடும், கறுப்பு அடையாளம்தான் கொஞ்சக் காலம் நிக்கும்” என்று தைரியமாகச் சொல்ல முடிந்தது. வாயில் இருப்பது சுலபத்தில் போகாது, அதை இடைக்கிடை பார்க்கவேணும் என்பதையும் சேர்த்துச் சொன்னேன்.

இவருக்கும் அதுவாக இருந்தால் நல்லது என்று நினைத்தேன். வாயைக் கொப்பளிக்கச் சொல்லி, வெற்றிலைக் கறைக்கு நடுவே தேடினேன். வெள்ளைப் பின்னல் இல்லை. நகங்களில் சின்னக் குழிகள் இருந்தன. முழங்கையில் மருந்து படாத ஒரு படையை மரக்குச்சியால் மெதுவாகச் சுரண்ட, வெள்ளிச் செதில் உதிர்ந்து அடியில் புள்ளி புள்ளியாக இரத்தம் பொட்டிட்டது. பிறகு சேட்டைக் கழற்றச் சொன்னேன். அந்தக் கொதி வெயிலிலும் முழுக்கைச் சேட்டுத்தான் போட்டிருந்தார். ஆட்கள் பார்ப்பார்களாம். சொரியாசிஸுக்கு அளவான வெயில் மருந்து. வன்னியில் காசில்லாமல் கிடைக்கும் அந்த மருந்து அவர் தோலில் படவேயில்லை.

முதுகில் இரண்டு வரிசை. முள்ளந்தண்டுக்கு இரு பக்கமும், மேலிருந்து கீழே, பெருவிரல் நகத்தளவு வட்டங்கள், இடைவெளி பிசகாமல். நோய் தானாக இப்படி வராது.

“இது என்ன காயம் ஐயா?”

“செடில் குத்தினது தம்பி. வற்றாப்பளைக்கு.” வற்றாப்பளை அம்மன் கோயிலுக்கு நேத்தி வைத்து, முதுகில் முள்ளுக் குத்திக் காவடி எடுத்திருக்கிறார்.

தோல் காயப்படும் இடத்தில் அதே நோய் முளைப்பதை கோப்னர் விளைவு என்போம். 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மனிய வைத்தியர் கோப்னர், குதிரை கடித்த இடத்திலும் பச்சை குத்திய இடத்திலும் சொரியாசிஸ் வந்ததை எழுதிவைத்தார். சொரியாசிஸ்காரர் நாலு பேரில் ஒருவருக்கு அளவில் இது நடக்கும்; காயம் பட்டு 10 முதல் 20 நாளில் தெரியும். லைக்கன் பிளேனஸிலும் உண்டு, கருக்குக் கீறல் அதுதான். இவரில் அம்மன் முள்ளு ஒவ்வொன்றும் ஒரு படையாக நின்றது.

அவரின் மூத்த மகன் 2009 மே மாதம், போர் முடிந்த நாட்களில், வட்டுவாகல் பாலம் தாண்டியபின் காணாமற் போனவன். தாய், 2017 பெப்ரவரியில் கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் காணாமற் போனோரின் உறவுகள் போராட்டம் தொடங்கிய நாளிலிருந்து அங்கே போய் இருக்கிறா. தகப்பன் வைகாசிக்கு வைகாசி செடில் எடுக்கிறார். வற்றாப்பளை வைகாசிப் பொங்கல் கிட்டத்தில் வந்ததால் கேட்டார்:

“இந்த முறையும் குத்தலாமோ தம்பி?”

“குத்தின இடமெல்லாம் திரும்ப வரும் ஐயா.”

“வரட்டும். அவன் வந்தாக் காணும்.”

அந்த இடத்தில் நான் நிறுத்தியிருக்கலாம். “முள்ளில்லாமப் பால்காவடி எடுங்கோவன், அம்மாள் கோவிக்க மாட்டா” என்றேன். அவர் ஒன்றும் பேசவில்லை. களிம்பை எப்படிப் பூசுவதென்று மட்டும் திரும்பக் கேட்டார்.

பீற்றாமெதசோன், சலிசிலிக் அசிட் களிம்பு, தலைக்குத் தார் ஷம்பு, குளித்த ஈரத்தோடு தேங்காயெண்ணெய். ஒரு ஊசி போட்டால் கிழமைக்குள் போகும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். ஸ்டீரொயிட் ஊசி விட்டதும் நோய் சீறிக்கொண்டு, சிலருக்குச் சீழ்க் கொப்புளமாகவே வரும் என்று மறுத்தேன். யாழ்ப்பாணத்துக்கு அனுப்பி ஒளிச்சிகிச்சை செய்யலாம்தான். கிழமைக்கு இரண்டு மூன்று தரம் பரந்தன் சுற்றிப் பஸ்ஸில் போய்வர அவரால் ஏலாது. மெதொட்ரெக்சேற் கிழமைக்கு ஒருநாள் மட்டும் எடுக்கும் குளிசை; மறதியில் தினமும் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. வீட்டில் எடுத்துக்கொடுக்க ஆளில்லை.

பொங்கல் முடிந்து வந்தபோது முதுகு வழவழவென்று இருந்தது. சேட்டுப் பொத்தானைப் போட்டபடி சொன்னார்: “அம்மாளிட்டச் சொல்லிப்போட்டன் தம்பி. டொக்டர் சொன்னபடியாத்தான் குத்தேல்லை, குற்றமெண்டா எங்கள் ரெண்டு பேரிலயும் வை எண்டு.”

கோபமில்லை, குறையுமில்லை. மழை எப்போது வரும் என்று சொல்வதுபோல அவ்வளவு இயல்பாகச் சொன்னார்.

நான் சொன்னது ஆலோசனைதானே என்று எனக்கே பலமுறை சொல்லிப் பார்த்தேன். முள்ளால் கிருமி ஏறும், படை பரவும், மூட்டிலும் சொரியாசிஸ் வரக்கூடியவர். எந்த வைத்தியரும் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பார். ஆனால் முதுகுப் படையால் அவருக்கு உயிர் போகப்போவதில்லை. கடித்தால் களிம்பு பூசலாம். மகனுக்காகத் தன்னால் செய்யக்கூடியதாக அவரிடம் மிஞ்சியிருந்தது அந்த நோவு ஒன்றுதான். கோப்னரைப் பற்றி எனக்குத் தெரியும். நேத்தியைப் பற்றி, அம்மாள் கோவிப்பாவா இல்லையா என்பதைப் பற்றி, நான் யார் சொல்ல?

எங்கள் கிளினிக் நேர்ஸ் மிஸ்ஸியிடம் இதைச் சொன்னேன். அவவும் அந்தப் பக்கத்து ஆள். வீட்டில் அவவுக்கும் ஒரு படம் மாலையில்லாமல் தொங்குகிறது. “களைச்சுப் போயிருப்பார் டொக்டர். ஆரும் ஒராள் வேண்டாமெண்டு சொல்லட்டும் எண்டுதான் கேட்டிருப்பார்” என்றா. இருக்கலாம். அவர் கண்ணை நினைத்துப் பார்க்கிறேன். அப்படி ஒரு எதிர்பார்ப்பு இருந்த மாதிரியும் இருக்கிறது, நான் எனக்கு வசதியாக நினைத்துக்கொள்கிற மாதிரியும் இருக்கிறது. “வரட்டும்” என்றதில் களைப்பு இருக்கவில்லை.

வைகாசிக்கு முதல் கிளினிக் கொப்பியோடு திரும்ப வருவார். குத்தினால் என்ன வரும் என்பதைச் சொல்வேன், அது என் வேலை. பால்காவடிக் கதையை மட்டும் நானாக எடுப்பதில்லை என்று நினைத்திருக்கிறேன். மிஸ்ஸி சொன்னது சரியென்றால், அவர் என்னிடம் கேட்டு வரப்போவது அந்த ஒன்றைத்தான்.