பெயர் யார் பேரில் இருக்கிறது?

மருதமுனையில் கைத்தறிச் சாரம் விற்கிற என் மச்சானின் கடை இணையத்தளம் போன மாதம் திடீரென்று நின்றுவிட்டது. பார்த்தால் டொமைன், அதாவது தளத்தின் இணையப் பெயர், காலாவதி; தளம் செய்து கொடுத்த தம்பி அதைத் தன் மின்னஞ்சலில் பதிந்துவிட்டுக் கட்டாருக்குப் போய்விட்டார், நினைவூட்டல் எல்லாம் அவருக்கே போயிருக்கிறது. டொட் கொம் பெயர் அழிக்கப்பட்டாலும் 30 நாள் மீட்புக் காலம் உண்டு, ஆனால் அதற்குக் கட்டணம் அதிகம். கடைத் தளத்துக்கு மாதாமாதம் காசு கட்டுவது வேறு, பெயரைப் புதுப்பிப்பது வேறு. உங்கள் பேரில் பதிந்திருந்தால் தளத்தை மாற்றினாலும் பெயர் உங்களோடு வரும். பெயரின் பதிவுகளை வைத்திருக்கும் நேம்சர்வரை மாற்றும்போது, மின்னஞ்சல் எங்கே போக வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் பதிவைப் புதிய இடத்திலும் போட மட்டும் மறக்காதீர்கள், இல்லாவிட்டால் மின்னஞ்சல் நின்றுவிடும்.

அப்புறம், டொமைனில் மருதமுனையை ஆங்கிலத்தில் எழுதும்போது 'டி'க்குப் பின் 'எச்' வருமா என்று வாடிக்கையாளர் யோசிக்கக் கூடாது. இரண்டு விதமாக எழுதிய பெயரையும் வாங்கி, ஒன்றை மற்றதற்குத் திருப்பிவிட்டோம்.