பாடத்திட்டம் மாறும் ஆண்டில் அஞ்சல் வழியில் படிப்போருக்கு

2019-ஆம் ஆண்டு ஜூலை மாதம் நான் மீண்டும் படிக்கப் போனபோது, நான் சேர்ந்திருந்த பட்டப்படிப்பு அங்கே இல்லை. இளங்கலை வரலாறு என்ற பெயர் மட்டும் அப்படியே இருந்தது. ஆண்டு முறை போய்ப் பருவ முறை வந்திருந்தது. ஆண்டுக்கு ஐந்து தாள் என்பது பருவத்துக்கு ஐந்து தாள் என்று ஆகியிருந்தது. ஒவ்வொரு தாளின் பெயருக்கு எதிரேயும் ‘கிரெடிட்’ என்று ஓர் எண் அச்சிடப்பட்டிருந்தது. முதலாண்டில் ஆங்கிலம் தவிர மற்ற நான்கு தாள்களிலும் தேர்ச்சி பெற்றிருந்த நான், இப்போது எத்தனை தாள் எழுதினால் பட்டம் கிடைக்கும் என்று கேட்டதற்கு, அலுவலகத்தில் இருந்த இருவர் இரண்டு வேறு எண்களைச் சொன்னார்கள்.

படிப்பு இடையில் நின்றதற்குக் காரணம் இருந்தது. 2017 நவம்பர் 30 அன்று வீசிய ஒக்கிப் புயலுக்குப் பிறகு கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ள எங்கள் தூத்தூர்க் கரையில் எத்தனையோ வீடுகளுக்கு ஆண்கள் திரும்பி வரவில்லை. அந்த ஆண்டு எங்கள் தெருவில் புத்தகத்தைத் திறக்கும் மனம் யாருக்கும் இல்லை. இரண்டாம் ஆண்டுத் தேர்வுக்கு நான் கட்டணமே கட்டவில்லை. அதற்கடுத்த ஆண்டு கருங்கல் பக்கத்தில் ஓர் அண்டி ஆபீசில், அதாவது முந்திரித் தொழிற்சாலையில், கணக்கெழுதும் வேலைக்குப் போனேன். வேலை நிலைத்த பிறகுதான் படிப்பைத் தொடரலாம் என்ற எண்ணம் வந்தது.

இதைச் சொல்லக் காரணம், அஞ்சல் வழியில் படிப்பவர்களில் என்னைப் போல இடையில் நின்று திரும்பி வருபவர்கள் மிகப் பலர் என்பதுதான். பாடத்திட்டத்தைத் திருத்துபவர்கள் பெரும்பாலும் ஜூலையில் சேர்ந்து, மூன்று ஆண்டில் இடைவெளியில்லாமல் முடித்துவிடும் ஒரு மாணவரை மனத்தில் வைத்தே திருத்துகிறார்கள். புதிதாகச் சேருபவருக்கு அந்தத் திருத்தம் நன்மையே செய்கிறது. பழைய திட்டத்தில் பாதி, புதிய திட்டத்தில் பாதி என்று கால் வைத்து நிற்பவருக்குத்தான் வழி தெரியாமல் போகிறது. அந்த நிலையில் இருப்பவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, நீங்கள் எந்த ஆண்டின் விதிமுறைக்கு உட்பட்டவர் என்பது. பொதுவாக நீங்கள் சேர்ந்த ஆண்டின் விதிமுறையே பட்டம் பெறும் வரை உங்களுக்குப் பொருந்தும். புதிய திட்டம் அது நடைமுறைக்கு வந்த ஆண்டிலும் அதன் பிறகும் சேர்ந்தவர்களுக்கானது. ஆனால் பழைய பாடத்திட்டத்தில் தேர்வு என்றென்றைக்கும் நடந்துகொண்டிருக்காது. குறிப்பிட்ட சில முறை நடத்திவிட்டு நிறுத்திவிடுவார்கள். அதன் பிறகு அரியர் வைத்திருப்பவர் புதிய பாடத்திட்டத்தில்தான் எழுத வேண்டும். இடையில் நின்று மறுசேர்க்கை பெறுபவரோ நேரடியாகப் புதிய திட்டத்துக்குள் வந்துவிடுகிறார். நான் அப்படி வந்தவள். மறுசேர்க்கை விண்ணப்பத்தின் கீழ்ப்பகுதியில் சிறிய எழுத்தில் அது எழுதப்பட்டிருந்தது. நான் படிக்காமலே கையெழுத்துப் போட்டிருந்தேன். விண்ணப்பிப்பதற்கு முன்பே ‘பழைய பாடத்திட்டத்தில் கடைசித் தேர்வு எந்த மாதம்’ என்று எழுத்தில் கேட்டிருந்தால், ஆங்கிலத் தாளையாவது பழைய முறையிலேயே முடித்திருப்பேன். இதை வாய்வழியாகக் கேட்டுப் பயனில்லை. எழுதிக் கேளுங்கள், பதிலையும் எழுத்திலேயே வாங்குங்கள்.

அடுத்தது சமநிலைப் பட்டியல். பழைய திட்டத்தில் தேர்ச்சி பெற்ற எந்தத் தாள் புதிய திட்டத்தின் எந்தத் தாளுக்கு ஈடாகும் என்று காட்டும் பட்டியல் அது; அலுவலகத்தில் ‘ஈக்விவலன்ஸ்’ என்றே கேட்க வேண்டும், அப்போதுதான் எடுத்துத் தருவார்கள். எனக்குத் தரப்பட்ட பட்டியலின்படி பழைய முதலாண்டுத் தமிழ்த்தாள் ஒன்று, புதிய முதல் இரண்டு பருவங்களின் தமிழ்த்தாள்கள் இரண்டுக்கும் சமம். பழைய ‘இந்திய வரலாறு, 1526 வரை’ என்ற தாள், புதிய ‘இந்திய வரலாறு, 1206 வரை’ என்ற தாளுக்குச் சமம். பழைய ‘தமிழக வரலாறு, 1336 வரை’ என்ற தாள், புதிய ‘தமிழக வரலாறு, 1565 வரை’ என்ற தாளுக்குச் சமம். தலைப்புகளைப் பார்த்தால் எல்லாம் சரியாகவே தெரியும். கூர்ந்து பார்க்க வேண்டியது அந்த ஆண்டுகளை.

இந்திய வரலாற்றில் எனக்கு லாபம். 1206 முதல் 1526 வரையிலான தில்லி சுல்தான்களின் காலத்தை நான் முன்பே படித்திருந்தேன். மூன்றாம் பருவத்தில் அதுவே மறுபடி வந்ததால் முகலாயர்களுக்குக் கூடுதல் நேரம் கிடைத்தது. தமிழக வரலாற்றில் நேர் எதிராக நடந்தது. 1336 முதல் 1565 வரை, அதாவது விஜயநகர ஆட்சி தமிழகத்தில் வேரூன்றி, மதுரையில் நாயக்கர் ஆட்சி தோன்றிய காலம் முழுவதும், என் படிப்பிலிருந்து விழுந்துவிட்டது. பழைய தாள் அதைத் தொடும் முன்பே முடிந்திருந்தது. நான்காம் பருவத் தாள் 1565-இல் நடந்த தலைக்கோட்டைப் போருக்குப் பிறகே தொடங்கியது. படைத்தலைவர்களுக்கு நிலப்பகுதிகளைப் பிரித்துக் கொடுத்த விஜயநகர ஆட்சியின் நாயங்கர முறை என்றால் என்னவென்று தெரியாமலே பாளையக்காரர்களைப் பற்றிப் பத்து மதிப்பெண் கேள்விக்கு விடை எழுத உட்கார்ந்தேன். வேர் தெரியாமல் கிளையைப் பற்றி எழுதியது போலத்தான் அந்த விடை அமைந்தது. அந்தப் பகுதியைத் தேர்வில் யாரும் உங்களிடம் கேட்கப்போவதில்லை என்பதற்காக விட்டுவிடாதீர்கள். பட்டத்துக்குப் பின் அரசுப் பணித் தேர்வு எழுதுபவருக்கு அதே இருநூறு ஆண்டுகள் பொது அறிவுத் தாளில் வந்து நிற்கும். சமநிலைப் பட்டியல் கைக்கு வந்ததும், பழைய பாடத்திட்டத்தையும் புதியதையும் பக்கத்தில் வைத்து, அலகு அலகாக ஒப்பிட்டு, எது இருமுறை வருகிறது, எது ஒருமுறைகூட வரவில்லை என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் போதும்.

பட்டியலில் இல்லாத தாள்களைப் பற்றியும் கேட்க வேண்டும். நம் மாநிலத்தில் இளநிலைப் படிப்பு பகுதி பகுதியாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. பகுதி ஒன்று தமிழ், பகுதி இரண்டு ஆங்கிலம், பகுதி மூன்று முதன்மைப் பாடமும் சார்புப் பாடமும் என்பதை எல்லோரும் அறிவார்கள். பகுதி நான்கில் வரும் சுற்றுச்சூழல் கல்வி, மதிப்புக் கல்வி, திறன் சார்ந்த தாள்கள் ஆகியவற்றைப் பலர் கணக்கிலேயே எடுப்பதில்லை. சுற்றுச்சூழல் கல்வி, உச்ச நீதிமன்றத்தின் வழிகாட்டுதலை அடுத்துப் பல்கலைக்கழக மானியக் குழு எல்லா இளநிலைப் பட்டங்களுக்கும் கட்டாயமாக்கிய பாடம். நான் சேர்ந்த பழைய திட்டத்தில் அது இரண்டாம் ஆண்டில் இருந்தது, புதியதில் முதல் பருவத்துக்கு வந்துவிட்டது. நான் மூன்றாம் பருவத்தில் நுழைந்ததால் இரண்டு பக்கமும் அது எனக்கு வரவில்லை. என்னோடு மறுசேர்க்கை பெற்ற ஓர் அக்கா எல்லாத் தாளும் எழுதி முடித்துத் தற்காலிகச் சான்றிதழுக்கு விண்ணப்பித்த பிறகுதான், இந்த ஒரு சிறிய தாள் இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். அவர் மேலும் ஒரு பருவம் காத்திருந்து அதை எழுதினார். அதற்குள் அவர் விண்ணப்பிக்க நினைத்திருந்த பணி அறிவிப்பு வந்து போய்விட்டது. தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் அறிவிக்கை நாளன்று பட்டத் தகுதி இருக்கிறதா என்று பார்க்கும். பிறகு கிடைக்கும் என்பது அங்கே செல்லாது.

கிரெடிட் என்ற எண்ணைக் கண்டு நான் மிரண்டிருக்கத் தேவையில்லை. தொலைநிலைக் கல்வியில் ஒரு கிரெடிட் என்பது முப்பது மணி நேரப் படிப்பு. புத்தகம் படிப்பது, ஒப்படைப்பு எழுதுவது, தொடர்பு வகுப்புக்குப் போவது எல்லாம் அதில் அடங்கும். நான்கு கிரெடிட் தாளுக்கு 120 மணி நேரம். பருவத்துக்கு ஐந்து தாள் என்றால் 600 மணி நேரம். ஆறு மாதத்தில் 26 வாரம் என்று கொண்டால் வாரத்துக்கு 23 மணி நேரம், நாளுக்கு மூன்றே கால் மணி நேரத்துக்குச் சற்று மேல். அண்டி ஆபீசில் மாலை ஐந்தரைக்குக் கணக்கை மூடிவிட்டு, பேருந்தில் ஊர் வந்து, வீட்டு வேலையும் முடித்த பிறகு இந்த மூன்று மணி நேரம் எங்கிருந்து வரும்? எனக்கு நாளுக்கு ஒன்றரை மணி நேரம்தான் கிடைத்தது. அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகுதான், எல்லாத் தாளுக்கும் சமமாக நேரம் ஒதுக்கும் பழக்கத்தை விட்டேன். எனக்குத் தெரிந்த தாள்களைத் தொடர்பு வகுப்போடு நிறுத்திக்கொண்டு, ஆங்கிலத்துக்கும் அரசியலமைப்புத் தாளுக்கும் காலை நேரத்தைக் கொடுத்தேன். ஒரே பருவத்தில் ஐந்தையும் முடிக்க முடியாது என்று கணக்கு சொன்னால், மூன்றை நன்றாக எழுதி இரண்டை அடுத்த பருவத்துக்கு விடுவதில் குற்றம் எதுவும் இல்லை. ஆனால் அதை அரியராக விழுந்த பிறகு ஏற்றுக்கொள்வதைவிட, முன்பே நீங்களாகத் தீர்மானிப்பது நல்லது.

பருவ முறை நல்லதா, ஆண்டு முறை நல்லதா என்று என்னிடம் கேட்பவர்கள் உண்டு. ஒரு தாளில் தோற்றால் ஓராண்டு காத்திருக்க வேண்டியதில்லை என்பதால் நான் பருவ முறையையே ஆதரிக்கிறேன். ஆயினும் ஆண்டுக்கு இருமுறை தேர்வுக் கட்டணம், இருமுறை விடுப்பு, நாகர்கோவிலுக்கு இருமடங்கு பயணம் என்ற சுமையை மறைக்க முடியாது. எங்கள் மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. வீட்டில் பணம் குறைவாக இருக்கும் அந்த இரண்டு மாதத்துக்குள்தான் சேர்க்கைக் கட்டணத்தின் கடைசி நாளும் வந்து விழுகிறது. தெரிந்திருந்தும் நாங்கள் ஒவ்வோர் ஆண்டும் அதில் தடுமாறுகிறோம். ஏப்ரல், மே மாதங்களிலேயே அந்தத் தொகையைத் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள்.

வினாத்தாள் அமைப்பும் மாறியது. அதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பழைய வினாத்தாள்களைத் தூக்கிப் போடாமல் பொருளுக்காகப் படியுங்கள். அமைப்புக்குப் புதிய மாதிரி வினாத்தாளைப் பாருங்கள். தொலைநிலைக் கல்விக்கான 2020-ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி உள்மதிப்பீட்டுக்கு அதிக அளவாக 30 விழுக்காடும் பருவ இறுதித் தேர்வுக்குக் குறைந்த அளவாக 70 விழுக்காடும் ஒதுக்கப்படுவதால், ஒப்படைப்பை அலட்சியமாக நகலெடுத்துக் கொடுப்பவர் கையில் இருக்கும் மதிப்பெண்ணை விட்டுவிடுகிறார். கொடுத்ததற்கு ஒப்புகை வாங்குங்கள்.

புதிதாகச் சேருபவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பாடத்தின் உள்ளடக்கம் மாறினால் கவலையில்லை, பட்டத்தின் பெயர் மாறினால் கவனம் தேவை. காலத்துக்கேற்ற பெயர் வேண்டும் என்று வரலாற்றோடு வேறொரு துறையைச் சேர்த்து இரட்டைப் பெயர் வைக்கிறார்கள். படிக்க அது நன்றாகவே இருக்கும். பின்னாளில் பி.எட். சேர்க்கையிலோ ஆசிரியர் பணித் தேர்விலோ அந்தப் பட்டம் இளங்கலை வரலாற்றுக்கு இணையானதா என்ற கேள்வி வரும். இணை என்று அரசாணை இருந்தால் தப்பித்தோம், இல்லையென்றால் அலைச்சல்தான். ஆகவே பெயரைப் பாருங்கள். அந்த நிறுவனத்தின் அந்தப் படிப்புக்கு அந்த ஆண்டில் மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவு அங்கீகாரம் தந்திருக்கிறதா என்று அதன் இணையதளத்தில் பாருங்கள். 2024 முதல் சேர்க்கைக்கு அந்தப் பிரிவின் அடையாள எண்ணும் தேவைப்படுகிறது. அதை உருவாக்க முதலில், நாம் பெறும் கிரெடிட்களைப் பதிந்து வைக்கும் கல்விக் கடன்மதிப்பு வங்கியில் (ஏ.பி.சி.) இணையத்தில் கணக்குத் தொடங்க வேண்டும். உங்கள் கடவுச்சொல்லை இணைய மையத்துக்காரரின் நோட்டில் விட்டுவிட்டு வராதீர்கள்.

புதிய பாடத்திட்டத்தால் எனக்குக் கிடைத்த நன்மையையும் சொல்லியாக வேண்டும். பழைய திட்டத்தில் எங்கள் மாவட்டம் ஒரு வரியில் வந்து போகும். புதியதில் ஆறாம் பருவத்தில் செயல்திட்டம் என்று ஒரு தாள் இருந்தது. தலைப்பை நாமே தேர்ந்தெடுக்கலாம். எங்கள் பகுதியைத் தமிழ்நாட்டோடு இணைக்கக் கோரி நடந்த தெற்கெல்லைப் போராட்டத்தை நான் எடுத்துக்கொண்டேன். அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் 1956 நவம்பர் 1 அன்று தமிழ்நாட்டோடு இணைந்தன என்பது எங்கள் பகுதியில் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு நடந்தபோது அந்தச் சாலையோரம் நின்ற வயதானவர்கள் சிலரைச் சந்தித்து, அவர்கள் சொன்னதை எழுதிக்கொண்டேன். நான் தினமும் வேலைக்குப் போகும் வழி அது. அந்தத் தாளுக்குச் செலவழித்த நேரத்தை நான் கிரெடிட் கணக்கில் எண்ணிப் பார்க்கவில்லை.

கொரோனாவால் தள்ளிப்போன தேர்வுகளையும் முடித்து 2021-இல் பட்டம் பெற்றேன். அடுத்த முறை பாடத்திட்டத்தைத் திருத்தியபோது, முன்னாள் மாணவர்களின் கருத்தைக் கேட்க ஒரு கூட்டம் நடத்தினார்கள், நானும் போயிருந்தேன். பேராசிரியர்கள் பொறுமையாகக் கேட்டார்கள். நான் மூன்று வேண்டுகோள்களை எழுதிக் கொடுத்தேன். சமநிலைப் பட்டியலைத் தலைப்பு வாரியாகப் போடாமல் அலகு வாரியாகத் தமிழில் தயாரித்து விவரக்குறிப்பேட்டிலேயே அச்சிட வேண்டும். பழைய பாடத்திட்டத்தின் கடைசித் தேர்வு எது என்பதை ஓராண்டுக்கு முன்பே ஒவ்வொருவருக்கும் கடிதமாக அனுப்ப வேண்டும். விடுபடும் பகுதிகளுக்குத் தேர்வு வைக்காவிட்டாலும் ஒரு தொடர்பு வகுப்பாவது நடத்த வேண்டும். பட்டியல் அடுத்த ஆண்டே குறிப்பேட்டின் கடைசி இரண்டு பக்கங்களில் வந்துவிட்டது. கடிதம் அனுப்புவதாகச் சொன்னார்கள், குறுஞ்செய்தியாக வருகிறது. அந்தத் தொடர்பு வகுப்பு இன்னும் வரவில்லை. வரும் வரை, 1336-க்கும் 1565-க்கும் இடைப்பட்ட என் குறிப்புகளை மறுசேர்க்கை பெறும் பிள்ளைகள் நகலெடுத்துக்கொண்டு போகிறார்கள்.