கண்ணாடிக் குவளையில் ஹையசிந்த்

லண்டனில் செப்டம்பர் மாதம் முடிவதற்குள் நான் தவறாமல் செய்துவிடும் வேலை ஒன்று உண்டு. ஹையசிந்த் என்னும் மணமுள்ள பூச்செடியின் குமிழ்கள் நான்கை வாங்கிவந்து, நான்கு கண்ணாடிக் குவளைகளின் வாயில் அமர்த்தி, தோட்டத்துக் கொட்டகையின் இருட்டு மூலையில் வைத்துவிடுவேன். மண்ணும் உரமும் கிடையாது, வெறும் தண்ணீர்தான். மாலை நான்கு மணிக்கே இருட்டிவிடும் டிசம்பர் இறுதியில், நிலசம்பங்கியை நினைவூட்டும் கனத்த மணம் கூடம் முழுவதும் பரவும். ஒருமுறை ஊரிலிருந்து வந்திருந்த அம்மா அந்தக் குமிழைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "ஒரு வெங்காயத்துக்கா இத்தனை உபசாரம்?" என்று கேட்டார். தோற்றத்தை வைத்துச் சொன்னால் அவர் கேட்டதில் பிழையில்லை.

பெயரைக் கேட்டு ஏரிகளை அடைத்துக்கொள்ளும் ஆகாயத்தாமரையை யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். ஆங்கிலப் பெயரில் இரண்டுக்கும் ஒற்றுமை இருந்தாலும், அது தென் அமெரிக்காவிலிருந்து வந்த வேறொரு குடும்பத்துச் செடி. நான் சொல்லும் ஹையசிந்தின் பூர்வீகம் துருக்கி, சிரியா, லெபனான் பகுதிகள். இன்று கடைகளுக்கு வரும் குமிழ்கள் பெரும்பாலும் நெதர்லாந்தில் விளைபவை.

வெறும் தண்ணீரில் ஒரு செடி எப்படிப் பூக்கிறது என்பதற்கான விடை குமிழுக்குள்ளேயே இருக்கிறது. சென்ற பருவத்தில் இலைகள் வெயிலில் சேர்த்த உணவெல்லாம் அந்தச் சதைப்பற்றான அடுக்குகளில் சேமிக்கப்பட்டிருக்கிறது. கோடையில் ஓய்ந்து கிடக்கும்போதே, வரப்போகும் பூங்கொத்து சின்னஞ்சிறு வடிவில் நடுவே உருவாகிவிடுகிறது. ஆகவே நாம் பூவை உண்டாக்குவதில்லை. இருக்கும் பூவைக் கெடுக்காமல் வெளியே வரவிடுவதே நம் வேலை. அதைக் கெடுப்பது எவ்வளவு எளிது என்பதை என் முதல் முயற்சி எனக்குக் காட்டியது.

மலைக்குளிரில் வளர்ந்த வம்சம் என்பதால், ஹையசிந்துக்கு ஏறக்குறைய 9 டிகிரி செல்சியஸில் பத்து வாரங்களுக்குக் குறையாத குளிர் தேவை. அது கிடைக்காவிட்டால் தண்டு நீளாமல், பூ இலைகளுக்கு நடுவிலேயே சிக்கிக்கொள்ளும். இதைப் படித்துவிட்டு, குளிர்சாதனப் பெட்டியின் காய்கறித் தட்டில் குமிழ்களைப் போட்டுவைத்தேன். அதே தட்டில் ஆப்பிள்களும் இருந்தன. பழுக்கும் பழம் வெளியிடும் எத்திலீன் வாயு, அதாவது மாங்காயை அரிசிப் பானைக்குள் பொதித்துவைக்கும்போது அதைப் பழுக்கவைக்கும் அதே வாயு, குமிழுக்குள் உறங்கும் மொட்டைக் கருக்கிவிடும் என்பது எனக்குத் தெரிந்திருக்கவில்லை. பத்து வாரம் காத்திருந்த பிறகு செழிப்பான இலைகள் வந்தன. நடுவில் பழுப்பு நிறத்தில் காய்ந்த ஒரு துணுக்கு மட்டும் இருந்தது.

இப்போது கிறிஸ்துமஸுக்கென்றே முன்கூட்டி வெப்பநிலைப் பக்குவம் செய்து விற்கும் குமிழ்களைத்தான் வாங்குகிறேன். அவற்றுக்கும் இருட்டும் குளிரும் வேண்டும்; ஆனால் சீக்கிரம் பூத்துவிடும். கையுறை போட்டுக்கொள்வது நல்லது. சேனைக்கிழங்கு நறுக்கும்போது கையை அரிக்கவைக்கும் கால்சியம் ஆக்சலேட் ஊசிப்படிகங்கள் இதன் தோலிலும் உண்டு.

குவளைக்கென்று ஒரு வடிவம் இருக்கிறது: இடை ஒடுங்கி, மேலே ஒரு கிண்ணம்போல் விரிந்து குமிழைத் தாங்கும். விக்டோரியா காலத்து வீடுகளில் இவற்றை நீலம், பச்சை, ஊதா என்று பல நிறங்களில் வைத்திருந்தார்கள். நிறக்கண்ணாடி அழகுக்கு மட்டுமன்று, உள்ளே வெளிச்சம் குறைவதால் பாசியும் குறைவாகவே பிடிக்கும். தண்ணீர் குமிழின் அடிப்பாகத்தைத் தொடக்கூடாது. சில மில்லிமீட்டர் இடைவெளி விட்டால் வேர் தானே ஈரத்தைத் தேடி இறங்கும், தொட்டுக்கொண்டிருந்தால் குமிழ் அழுகும். நீர் நாறாமலிருக்க ஒரு சிறு கரித்துண்டு போடுவேன். வேர்கள் கிளைக்காமல் வெள்ளை நூல்களைப் போல நேராக இறங்குகின்றன. ஒடிந்தால் மறுபடி வளர்வதில்லை என்பதால், நடுவில் குமிழைத் தூக்கிப் பார்க்கும் ஆசையை அடக்கிக்கொண்டு, குறைந்த நீரை ஓரமாக ஊற்றி நிரப்புவதோடு சரி.

முளை நான்கைந்து சென்டிமீட்டர் உயர்ந்ததும் வீட்டுக்குள் கொண்டுவரலாம். நேராக வெப்பமூட்டிக்கு அருகில் வைத்துவிடாமல், குளிர்ந்த சன்னலோரத்தில் சில நாள் பழகவிட்டால், சுமார் மூன்று வாரத்தில் பூத்துவிடும்.

இவ்வளவு பொறுமை இல்லாதவர்களுக்குப் பேப்பர்வொயிட் என்னும் வெண்ணிற நார்சிசஸ் இருக்கிறது; அதுவும் குமிழிலிருந்து பூக்கும் செடிதான். அதற்குக் குளிர் வேண்டியதில்லை. கூழாங்கற்களுக்கு நடுவே நிறுத்தி நீர் ஊற்றினால் போதும். ஆனால் தண்டு நெட்டையாக வளர்ந்து சாய்ந்துவிடும். கார்னெல் பல்கலைக்கழகத்தில் வில்லியம் மில்லர் செய்த ஆய்வு 2006இல் இதற்கு ஒரு வழி சொன்னது: முளை வந்தபின் நீருக்குப் பதிலாக 4 முதல் 6 விழுக்காடு ஆல்கஹால் கலந்த நீரை ஊற்றினால், பூவின் அளவு குறையாமல் செடி மட்டும் மூன்றில் ஒரு பங்கு வரை குட்டையாகிறது. 40 விழுக்காட்டு ஜின் என்றால் ஒரு பங்குக்கு ஏழு பங்கு நீர். சர்க்கரை இருப்பதால் பீரும் ஒயினும் உதவாது. நான் பூச்செடிக்கு ஜின் ஊற்றியதைப் பார்த்த அம்மா அதைப் பற்றி இன்றுவரை உறவினர்களிடம் பேசிக்கொண்டிருக்கிறார்.

நீரில் பூத்த ஹையசிந்த், சேமிப்பையெல்லாம் செலவழித்துவிட்டு வெறும் கூடாக நிற்கும். மறு ஆண்டு குவளையில் வைத்துப் பயனில்லை. எறிய மனமில்லாமல் பின்புறத்து வேலியோரம் புதைத்துவைக்கிறேன். பெரும்பாலானவை மறைந்துபோகின்றன. சென்ற மார்ச்சில், எந்த ஆண்டு புதைத்தது என்றே தெரியாத ஒன்று, ஆறே ஆறு நீலப் பூக்களுடன் எழுந்து நின்றது.