அம்மா எண்ணிய கூட்டம்

மலேசியாவில் எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டிலிருந்து, நீர்ப்பூங்காவும் வெந்நீர் ஊற்றும் உள்ள தம்பூன் ஏறக்குறைய 30 கிலோமீட்டர். பழைய சாலையில் கந்தான் சுண்ணாம்புக் குன்றுகளைக் கடந்து, சிம்மோர், தஞ்சோங் ரம்புத்தான் வழியாகப் போய்விடலாம். கொரோனாவால் 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து, 10 கிலோமீட்டருக்கு மேல் போகக்கூடாது, அதுவும் வீட்டுக்கு ஒருவர்தான் என்று ஆனபோது, அந்தத் தம்பூனும் எங்களுக்கு அயல்நாடாகிவிட்டது.

ஷாங்காய் டிஸ்னிலேண்ட் 2020 மே 11-இல், அரசு அனுமதித்த 30 விழுக்காட்டுக் கூட்டத்துக்குள் திறந்த செய்தியைப் பார்த்ததிலிருந்து எனக்கு ஓர் அற்ப ஆசை. ஆளில்லாத பூங்காவில் ஒருநாள் ராஜாவாக நடந்துவிட வேண்டும்!

2021 அக்டோபர் 11-இல் மாநில எல்லைகள் திறந்தன. தீபாவளிக்கு மறு வாரம், ஒரு புதன்கிழமை தம்பூன் பூங்காவுக்குக் கிளம்பினோம். சுழற்சி முறையில் மகனுக்கு அந்த வாரம் பள்ளி இல்லை. வேலை நாள், அதிலும் குறைந்த அனுமதி. வரிசையே இருக்காது என்று வழிநெடுக அளந்துகொண்டு வந்தேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. முப்பது வருடம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். பெரட்டில், அதாவது காலை ஆள்கணக்கெடுப்பில், தோட்டக் கணக்கரான கிராணி பேர் கூப்பிட்டு முடிப்பதற்குள் இன்றைக்கு யார் யார் வரவில்லை என்று சொல்லிவிடுவாராம்.

வாசலில் மைசெஜாத்திரா செயலிப் பதிவு, ஊசிச் சான்று, காய்ச்சல் சோதனை. அம்மாவின் கைப்பேசி சுருக்குப்பைக்குள்ளிருந்து வெளியே வரவே ஐந்து நிமிடம் ஆனது.

உள்ளே போனால் நீர்ச்சறுக்குப் படிக்கட்டின் அடிவரை வரிசை. எனக்கு முகம் தொங்கிவிட்டது.

"இருபத்தாறு பேர்தான் தம்பி," என்றார் அம்மா. "நிரை பிடித்து நிற்கிறார்கள், அதனால் நீளமாகத் தெரிகிறது."

தரையில் ஒரு மீட்டருக்கு ஒரு பாதச் சுவடு ஒட்டியிருந்தார்கள். முன்பு தோளோடு தோள் உரசி நின்ற இடத்தில் இப்போது ரப்பர் மரங்களைப் போல இடைவெளி விட்டு மனிதர்கள். ஆனால் அந்த இருபத்தாறு பேரும் சட்டென்று கரையவில்லை. ஒரு மிதவையில் ஒரு குடும்பம்தான். இரண்டு பேர் வந்தால் மற்ற இடம் காலி, இறங்கியதும் துடைப்பு, பிறகே அடுத்தவர். கூட்டமும் பாதி, ஏற்றிவிடும் வேகமும் பாதி. காத்திருப்பு மட்டும் பழைய அளவிலேயே இருந்தது. என் கணக்கில் இது வரவே இல்லை.

இப்படித் தப்புக் கணக்குப் போடுவது நான் மட்டுமல்ல. ஈப்போ மேரு ராயாவில் இருந்த அனிமேஷன் பூங்காவை நோய்தான் மூடியது என்று எங்கள் ஊரில் பலர் இன்றும் சொல்கிறார்கள். 2017-இல் திறந்த அது, கட்டுப்பாட்டு ஆணைக்கு முன்பே, 2020 ஜனவரியிலேயே மூடிவிட்டது. எல்லாப் பழியையும் கிருமிமேல் போடுவது நமக்கு வசதி.

மதியம் மழை பிடித்தது. பாதிப் பேர் கிளம்பிவிட்டார்கள். வெந்நீர் ஊற்றில் அம்மா சேலையை முழங்கால்வரை தூக்கிக்கொண்டு உட்கார்ந்தார். அங்கேயும் எண்ணினார். இந்த முறை எங்களை மட்டுமல்ல, பூங்காவின் சீருடைக்காரர்களையும்.

"நாம் ஒன்பது பேர். அவர்கள் பதினொருவர். கட்டுபடியாகுமா?"

பக்கத்தில் நின்ற காவல் பையன் தமிழ்ப் பிள்ளை. முகக்கவரிக்கு மேல் கண் சிரித்தது. "சனிக்கிழமை வந்து பாருங்கள் பாட்டி, எண்ணி முடிக்க மாட்டீர்கள்," என்றான்.

அம்மா தீபாவளி முறுக்குப் பொட்டலத்தை அவனிடம் நீட்டினார். வாங்கிக்கொண்டவன், முகக்கவரியை இறக்கலாமா என்று இருபுறமும் பார்த்தான். பிறகு பொட்டலத்தைக் கால்சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.