இதயத் தசையும் எக்சோசோம்களும்

மாரடைப்பில் இறந்துபோன இதயத் தசை மீண்டும் வளர்வதில்லை. அந்த இடத்தை வடு நிரப்புகிறது. ஸ்வீடனில் யோனாஸ் ஃபிரீசன் குழுவினர், அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கலந்த கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பனைக் கொண்டு செல்களின் வயதைக் கணித்து, 25 வயதில்கூட ஆண்டுக்கு 1 சதவீத அளவிலேயே இதயத் தசைச் செல்கள் புதுப்பிக்கப்படுகின்றன என்று 2009-இல் காட்டினார்கள். முதுமையில் அதுவும் பாதிக்கு மேல் குறைந்துவிடுகிறது.

ஆகவேதான் வேறு வகைச் செல்களாக மாறவல்ல ஸ்டெம் செல்களைக் கொண்டு செய்யும் சிகிச்சைமீது அத்தனை நம்பிக்கை எழுந்தது. ஆனால் செலுத்தப்பட்ட செல்களில் பெரும்பாலானவை சில வாரங்கள்கூட இதயத்தில் தங்குவதில்லை. அப்படியிருந்தும் விலங்குச் சோதனைகள் பலவற்றில் இதயம் ஓரளவு தேறியது எப்படி? செல்கள் மறைவதற்கு முன் வெளியிட்ட பொருள்களே அந்த வேலையைச் செய்கின்றன என்ற கருத்து இங்கிருந்துதான் வலுப்பெற்றது. அப்பொருள்களில் முதன்மையானவை எக்சோசோம்கள், அதாவது ஏறத்தாழ 30 முதல் 150 நானோமீட்டர் அளவுள்ள, கொழுப்புப் படலம் போர்த்திய நுண்பைகள்.

முதிர்ந்துவரும் சிவப்பணுக்கள் தமக்கு வேண்டாத புரதங்களை இப்பைகளில் அடைத்து வெளியேற்றுவதை மாண்ட்ரியாலில் ரோஸ் ஜான்ஸ்டோன் உள்ளிட்டோர் 1980-களில் கண்டறிந்ததால், வெகுகாலம் இவை செல்லின் கழிவாகவே எண்ணப்பட்டன. ஒரு செல்லின் ஆர்.என்.ஏ., அதாவது மரபுக் குறிப்புகளை ஏந்திச் செல்லும் மூலக்கூறு, இவற்றின் வழியே மற்றொரு செல்லுக்குச் சென்று அங்கே செயல்படக்கூடும் என்று கோதன்பர்க் ஆய்வாளர்கள் 2007-இல் காட்டிய பிறகே பார்வை மாறியது.

என்னை முழுமையாக நம்பவைத்தது, லாஸ் ஏஞ்சலிஸில் எட்வர்டோ மார்பன் குழுவினர் 2014-இல் வெளியிட்ட ஆய்வு. மனித இதயத்திலிருந்து வளர்த்த செல்கள் வெளியிட்ட எக்சோசோம்களை மட்டும் பிரித்தெடுத்து, மாரடைப்பு உண்டாக்கப்பட்ட எலிகளின் இதயத்தில் செலுத்தியபோது, செல்களையே செலுத்தியதுபோன்ற பலன் கிடைத்தது. அதோடு அவர்கள் நிற்கவில்லை. எக்சோசோம் சுரப்பைத் தடுக்கும் ஜிடபிள்யூ-4869 என்ற வேதிப்பொருளைச் செல்களுக்குக் கொடுத்துவிட்டுப் பிறகு செலுத்தினார்கள். செல்கள் இருந்தும் பலன் இல்லாமல் போனது. இந்த இரண்டாவது பாதிதான் முக்கியமானது என்பேன், ஏனெனில் பலன் எதிலிருந்து வருகிறது என்பதைச் சேர்த்துப் பார்த்தும் நீக்கிப் பார்த்தும் அது உறுதிசெய்கிறது. எக்சோசோம்களின் உள்ளிருந்த மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களில் (மரபணுக்களின் செயலைக் கட்டுப்படுத்தும் சிறு ஆர்.என்.ஏ.க்கள்) மிர்-146ஏ மிகுதியாக இருந்தது. அழற்சியைத் தணிக்கும் அதைத் தனியாகக் கொடுத்தபோது பலனில் ஒரு பகுதியே கிடைத்தது.

நம் ரத்தத்தில் இயல்பாகவே ஓடும் எக்சோசோம்களுக்கும் இக்காப்புத் திறன் உண்டு என்று லண்டனில் டெரெக் யெல்லன் குழுவினர் 2015-இல் எலிகளில் காட்டினார்கள். அவற்றின் மேற்பரப்பிலுள்ள ஹெச்.எஸ்.பி.-70 என்ற புரதம், தடைபட்ட ரத்தம் திரும்பப் பாயும்போது நேரும் சேதத்தைத் தாங்கும் சமிக்ஞையைத் தசைச் செல்லில் தூண்டுகிறது.

ஆயினும் மருந்தாவதற்குப் பாதை நீளமானது. மார்பன் குழுவினரே பன்றிகளில் சோதித்தபோது, இதயத் தசைக்குள் நேரடியாக ஊசியால் செலுத்திய எக்சோசோம்கள் வடுவைக் குறைத்தன. இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுசெல்லும் கரோனரி தமனி வழியே செலுத்தியவை பலன் தரவில்லை. பாரிஸில் பிலிப் மெனாஷே குழுவினர், மருந்துக்குக் கட்டுப்படாத இதயச் செயலிழப்பு நோயாளிகளுக்கு இத்தகைய நுண்பைகளை சிரை வழியே ரத்தத்தில் செலுத்திப் பாதுகாப்பைச் சோதிக்கும் முதற்கட்டத்தில்தான் இருக்கிறார்கள். சில தனியார் மையங்களோ இப்போதே “எக்சோசோம் சிகிச்சை” விற்கின்றன. அங்கீகரிக்கப்பட்ட எக்சோசோம் மருந்து எதுவும் இல்லை என்று அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2019 டிசம்பரிலேயே எச்சரித்தது. இதய நோயுள்ள எவரும் அத்தகைய விளம்பரத்தை நம்பிப் பணம் கட்டுவதற்கு முன், தம்மைக் கவனித்துவரும் இதய மருத்துவரிடம் கேட்டுவிட வேண்டும்.