பில்லைப் படிக்கத் தெரிந்த வக்கீல்

திருப்பூரில் ஜாப் ஒர்க் நிட்டிங் யூனிட் ஒன்றில் கணக்கு பார்க்கிறேன். நூல் ஆர்டர் தரும் பார்ட்டியுடையது, அதைத் துணியாகப் பின்னித் தரும் கூலி மட்டும் எங்களுடையது. துணி கை மாறிவிட்டால் எங்களிடம் மிஞ்சுவது டெலிவரி சலானும் பில்லும்தான். அதனால் கூலி பாக்கி நின்றபோது, இந்தக் காகிதங்களைப் படிக்கத் தெரிந்த வக்கீலைத் தேடினோம்.

வழக்கறிஞர்கள் விளம்பரம் செய்யக் கூடாது என்பது பார் கவுன்சில் விதி. ஆகவே பெயர்கள் வாய்வழியாகத்தான் வர வேண்டும். ஆடிட்டரைக் கேட்பதே நல்லது என்பேன். யாருடைய பாக்கி வசூலானது, யாருடைய வழக்கு வருடக்கணக்கில் இழுக்கிறது என்பது அவர் பார்க்கும் பேலன்ஸ் ஷீட்டிலேயே தெரியும்.

முதலில் பார்த்தவர் பெயர் பெற்றவர். ஃபைலைத் திறக்காமலே கேஸ் போட்டுவிடலாம் என்றார்; ஃபீஸாக வசூலில் ஒரு பங்கு கேட்டார். அப்படிக் கேட்பதும் விதிப்படி கூடாது. முதலாளி வணக்கம் சொல்லி எழுந்துவிட்டார்.

ஆடிட்டர் சொன்ன வக்கீலம்மா உட்கார்ந்ததும் கேட்டது: "உதயம் பதிவு எந்தத் தேதிங்க? பில்லு அதுக்கு முன்னாடியா, பின்னாடியா?" உதயம் என்பது சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு. பிறகு சலானில் சரக்கை வாங்கியவர் கையெழுத்து, கூலியில் பிடித்தம் செய்வதாகப் பார்ட்டி அனுப்பும் டெபிட் நோட் வந்ததா, கடைசியாகப் பணம் வந்தது எப்போது என்று வரிசையாகக் கேட்டார். அந்தப் பார்ட்டிக்கு அவர் ஆஜராவதுண்டா என்று நாங்களும் கேட்டோம். சின்ன ஊரில் இதைக் கேட்டே ஆக வேண்டும். இல்லை என்றார். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஃபீஸ் எவ்வளவு என்று எழுதிக் கொடுத்தார்.

2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டத்தை அவர் விளக்கியபோதுதான் முதலாளிக்குத் தெம்பு வந்தது. எழுத்தில் என்ன பேசியிருந்தாலும் குறு, சிறு நிறுவனத்தின் பணத்தை 45 நாளுக்கு மேல் நிறுத்தி வைக்கக் கூடாது. தாமதமானால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டியாக. பணம் வராவிட்டால், இந்தச் சட்டப்படி பாக்கித் தகராறுகளை விசாரிக்கும் வசதியாக்க கவுன்சிலில் மனு போடலாம். அங்கே தீர்ப்பு நமக்குச் சாதகமாகி, எதிர்த்தரப்பு அதை ரத்து செய்யக் கோர்ட்டுக்குப் போனால், தொகையில் 75 சதவீதத்தை முன்கூட்டியே கட்ட வேண்டும்.

இவ்வளவு பலம் கையில் இருந்தும் அவர் முதலில் அனுப்பச் சொன்னது, லெட்ஜர் நகலோடு ஒரு மரியாதையான கடிதம். "நாளைக்கும் அவங்க நூல் உங்களுக்கு வரணுமில்லீங்க?" என்றார். வெளியூர் வக்கீலுக்கு இந்த யோசனை வந்திருக்குமா என்பது சந்தேகம்தான். தவணையாக என்றாலும் பணம் வந்து சேர்ந்தது.

பாக்கிக்கு ஈடாகச் செக் வாங்கினால் எச்சரிக்கை வேண்டும் என்றார். ரிட்டர்ன் ஆன தகவல் வங்கியிலிருந்து வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ் போக வேண்டும். "அடுத்த வாரம் தர்றேன்" என்ற பேச்சை நம்பியே பலர் இந்தக் கெடுவைத் தவறவிடுகிறார்கள்.

இப்போது புது பார்ட்டியின் ஆர்டர் வந்தால் முதலில் அவர் பார்வைக்குப் போகிறது. துணியில் குறை இருந்தால் கிடைத்த 15 நாளுக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று அவர் எழுதித் தந்த வரியைப் பில்லின் அடியில் அச்சடித்திருக்கிறோம்.